ஈழத்துத் தாவர ஓவியர் ஹார்மானிஸ் டி அல்விஸ்

ஆய கலைகள் அறுபத்து நான்கு என்பர் நம் முன்னோர். அவற்றுள் ஓவியமும் ஒன்று. தெய்வத் திருவுருவங்களையும், அரசரையும், அரம்பையரையும் தீட்டிய ஓவியரின் கைத்திறனைச் சித்தன்னவாசலிலும் சிகிரியாவிலும் இன்றும் கண்டு வியக்கின்றோம். ஆனால் வழியோரத்துப் பூண்டையும், மரப்பட்டையில் ஒட்டி வாழும் சிறு செடியையும், பெயரறியாக் காட்டுப் பூவையும் தம் வாழ்நாள் முழுவதும் இருந்து தீட்டிய ஓவியர்களும் உளர் என்பதை நம்மிற் பலர் அறியோம். அத்தகைய ஒருவர் நம் ஈழத்திருநாட்டிலே வாழ்ந்தார். அவர்தாம் ஹார்மானிஸ் டி அல்விஸ் செனவிரத்ன என்பார். அவருடைய வாழ்வையும் பணியையும் இம்மலரின் வாசகர்களுக்கு எடுத்துக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மலைநாட்டுத் தோட்டங்களிலே பிறந்து வளர்ந்த நமக்கு இவருடைய வரலாறு எதற்கு என்று சிலர் வினவக்கூடும். அதற்கு விடை கட்டுரையின் முடிவிலே தெளிவாகும்.

தாவர ஓவியம் என்பது யாது?

சங்கப் புலவர் கபிலர் தமது குறிஞ்சிப்பாட்டிலே தொண்ணூற்றொன்பது மலர்களின் பெயர்களை ஒருங்கே அடுக்கிப் பாடியுள்ளார். உலக இலக்கியங்களிலே இதற்கு இணையான ஒரு பட்டியலைக் காண்டல் அரிது. ஆயினும், அம்மலர்களுட் சில இன்று எச்செடியின் பூக்கள் என்பதிலே அறிஞரிடையே கருத்து வேற்றுமை உண்டு. காந்தளையும் வேங்கையையும் நாம் அறிவோம். வேறு சிலவற்றுக்கோ ஒருவர் ஒரு செடியைக் காட்டுவர், மற்றொருவர் வேறொன்றைக் காட்டுவர். காரணம் யாது? பெயர் நிலைத்தது, உருவம் நிலைக்கவில்லை. கபிலரோடு கூடவே ஓர் ஓவியரும் மலையேறியிருப்பாரேல், அவர் தீட்டிய ஏடும் அழியாது நமக்குக் கிடைத்திருப்பின், இந்த ஐயத்துக்கு இடமே இருந்திராது.

இக்குறையை நிரப்புவதே தாவர ஓவியம். அது வீட்டுச் சுவரை அழகு செய்யத் தீட்டப்படும் மலர்க்கொத்து அன்று. இலை எதிரெதிரே அமைந்ததா, மாறி மாறி அமைந்ததா, நரம்பு எவ்வாறு ஓடுகின்றது, புல்லிகள் எத்தனை, அல்லிகள் எத்தனை, கேசரங்கள் எங்கே பொருந்தியிருக்கின்றன, சூலகத்தின் உள்ளே வித்துகள் எவ்வாறு அடுக்கப்பட்டுள்ளன என்பனவற்றையெல்லாம் அளவு பிசகாது காட்டுதல் வேண்டும். பூவைப் பிளந்து, பூதக்கண்ணாடியின் கீழ் வைத்து, ஒவ்வோர் உறுப்பையும் தனித்தனியே பெருக்கி வரைதல் வேண்டும். பறித்த செடி வாடிவிடும், உலர்த்தி வைத்த செடி நிறம் இழந்துவிடும். ஆதலால் ஓவியர் காலத்தோடு போட்டியிட்டு உழைக்கவேண்டியவராவர். மாலையில் வதங்கிவிடும் பூவைக் காலையிலேயே தீட்டி முடித்தல் வேண்டும். கலைஞனின் கையும் விஞ்ஞானியின் கண்ணும் ஒருவரிடத்தே கூடினாலன்றி இப்பணி கைகூடாது.

முன்னோடிகள்

நம் நாட்டுச் செடிகொடிகளை மேனாட்டார் ஆராயத் தொடங்கியது ஒல்லாந்தர் காலத்திலாகும். 1672 ஆம் ஆண்டு இங்கு வந்த போல் ஹேர்மன் என்னும் வைத்தியர் செடிகளை உலர்த்திச் சேகரித்தார். அவருடைய தொகுப்பை ஆதாரமாகக் கொண்டே சுவீடன் நாட்டுப் பேரறிஞர் லின்னேயஸ் 1747 இல் இலங்கைத் தாவரங்களைப் பற்றிய நூலை வெளியிட்டார். பின்னர், 1752 முதல் 1757 வரை ஒல்லாந்தத் தேசாதிபதியாக விளங்கிய லோட்டன் என்பவர், பீற்றர் டி பெவர் என்னும் உள்நாட்டு ஓவியரைக் கொண்டு பறவைகளையும் செடிகளையும் தீட்டுவித்தார். அவ்வோவியங்கள் கப்பலேறி ஐரோப்பாவை அடைந்தன. லோட்டனின் பெயர் ஒரு குருவியின் பெயராக இன்றும் வழங்குகின்றது. வரைந்தவரின் பெயரோ ஆராய்ச்சியாளர் சிலரைத் தவிரப் பிறர் அறியாததாயிற்று.

ஹார்மானிஸின் பணி

ஆங்கிலேயர் ஆட்சியிலே, 1821 ஆம் ஆண்டில், களுத்துறையிலிருந்த தாவரவியற் பூங்கா பேராதனைக்கு மாற்றப்பட்டது. மகாவலி கங்கை வளைந்து ஓடும் அழகிய இடத்திலே அதை அமைத்தவர் அலெக்சாண்டர் மூன் என்பவர். 1824 இல் அவர் இந்நாட்டுத் தாவரங்களின் பட்டியல் ஒன்றை வெளியிட்டார். அதற்கு முந்திய ஆண்டிலே, அதாவது 1823 இல், பூங்காவின் ஓவியராக நியமனம் பெற்றவரே ஹார்மானிஸ் டி அல்விஸ்.

அன்று தொடங்கி முப்பத்தெட்டு ஆண்டுகள் அவர் அப்பதவியில் இருந்தார். இந்த முப்பத்தெட்டு ஆண்டுகளைச் சற்று எண்ணிப் பார்த்தல் நலம். அவரை வேலைக்கு அமர்த்திய மூன் 1825 இலேயே இறந்தார். அடுத்து வந்த மக்றே 1830 இல் இறந்தார். பிறகு பூங்காவின் பொறுப்பு கை மாறிக்கொண்டே இருந்தது, ஆராய்ச்சியும் தளர்ந்தது. 1844 இல் வந்த ஜோர்ஜ் கார்ட்னர் பிரேசில் நாட்டுக் காடுகளைச் சுற்றி ஆராய்ந்த பெரும் அறிஞர். அவர் பூங்காவுக்குப் புத்துயிர் அளித்தார். ஆயினும் 1849 இல் நுவரெலியாவிலே திடீரென மரணமானார். அவருக்குப் பின் தொவைற்ஸ் வந்தார். தலைவர்கள் வந்தனர், சென்றனர், மாண்டனர். மேசையின் முன் அமர்ந்திருந்த ஓவியர் மட்டும் மாறவில்லை. ஒரு தலைவர் தொடங்கியதை மறு தலைவரின் காலத்துக்குக் கொண்டு சேர்த்த பாலம் அவரே எனின் அது மிகையாகாது.

தொவைற்ஸ் காலத்திலே பூங்காவின் ஆராய்ச்சி உச்சநிலை எய்தியது. நாட்டின் பல திசைகளிலிருந்தும் செடிகள் கொண்டுவரப்பட்டன. அவற்றுக்கு இலக்கமிட்டு, உலர்த்தி, ஒரே செடியின் பல பிரதிகளை உலகின் பெரிய ஆராய்ச்சி நிலையங்களுக்கெல்லாம் அனுப்பினார் தொவைற்ஸ். அவ்விலக்கங்கள் மூவாயிரத்துக்கு மேற் சென்றன. 1858 முதல் 1864 வரை பகுதி பகுதியாக வெளிவந்த அவருடைய இலத்தீன் நூல் இலங்கைத் தாவரவியலின் தூண்களுள் ஒன்று. அவர் ஆராய்ந்த செடிகளுக்கு நிறமும் உருவமும் தந்து ஏட்டிலே நிறுத்தியது டி அல்விஸின் தூரிகை.

அரசாங்கம் ஹார்மானிஸுக்கு முதலியார் பட்டம் வழங்கிற்று. அதைக் காட்டிலும் நிலையான ஒரு பட்டத்தைத் தாவரவியல் உலகம் அவருக்கு அளித்தது. 1858 ஆம் ஆண்டில் இலண்டன் பேராசிரியர் ஜோன் லிண்ட்லி ஒரு சிறு ஓர்க்கிட் செடிக்கு அவருடைய குடும்பப் பெயரைச் சூட்டினார். தீனியோபிலம் அல்விசியை என்பது அதன் பெயர். இச்செடியின் இயல்பு மிகவும் விந்தையானது. இதற்கு இலையே இல்லை எனலாம். மரக்கிளையிலே படர்ந்து கிடக்கும் பசிய வேர்களே இலைகளின் தொழிலையும் செய்து, ஒளியைக் கொண்டு உணவு ஆக்குகின்றன. பூவோ கண்ணை ஊன்றிப் பார்த்தாலன்றிப் புலப்படாத அளவு சிறியது. ஆரவாரமின்றி, ஒட்டிய இடத்திலேயே இருந்து, தன் வேரின் உழைப்பாலே பூக்கும் இச்செடிக்கு அவர் பெயர் வாய்த்தது எத்துணைப் பொருத்தம்!

தந்தை வழி நின்ற மைந்தர்

தச்சர் மகன் தச்சனாவதும், கொல்லர் மகன் கொல்லனாவதும் நம் நாட்டு மரபு. டி அல்விஸ் குடும்பத்திலும் அவ்வாறே ஓவியத் தொழில் தந்தையிடமிருந்து மைந்தருக்கு இறங்கிற்று. வில்லியம், ஜோர்ஜ் ஆகிய புதல்வர் இருவரும் பேராதனையிலே ஓவியராயினர். செடிகளோடு நில்லாது, வண்ணத்துப் பூச்சிகளையும் அந்துப் பூச்சிகளையும் தொவைற்ஸின் தூண்டுதலால் அவர்கள் தீட்டினர். செத்து ஊசியிற் குத்தப்பட்ட பூச்சியை வரைவது எளிது. இவர்களோ புழுவையும் கூட்டுப்புழுவையும் உயிரோடு வைத்துப் பார்த்து வரைந்தனர். பிரடெறிக் மூர் என்பவர் 1880 முதல் 1887 வரை மூன்று பெருந்தொகுதிகளாக இலண்டனில் வெளியிட்ட இலங்கை வண்ணத்துப் பூச்சி நூலிலே 215 வண்ணத் தட்டுகள் உள்ளன. அந்நூலின் பெருமைக்கு இச்சகோதரரின் ஓவியங்களே பேராதாரமாக அமைந்தன.

தொவைற்ஸுக்குப் பின், 1880 இல், ஹென்றி திறைமன் பூங்காவின் தலைவரானார். அவர் எழுதிய இலங்கைத் தாவர நூல் ஐந்து பகுதிகளை உடையது. முதற்பகுதி 1893 இல் வெளிவந்தது. நூல் முற்றுப்பெறு முன்னரே 1896 இல் திறைமன் காலமானார். எஞ்சிய பகுதிகளை இங்கிலாந்திலிருந்து ஜோசப் ஹூக்கர் 1900 இல் நிறைவு செய்தார். நூலோடு வெளியான நூறு படங்களுக்கும் பேராதனையின் ஓவியச் செல்வமே ஊற்றாயிற்று.

இந்நூலிலே நாம் பெருமையோடு குறிப்பிடவேண்டிய செய்தி ஒன்று உண்டு. செடிகளின் இலத்தீன் பெயரோடு சிங்களப் பெயரையும் தமிழ்ப் பெயரையும் திறைமன் சேர்த்தெழுதினார். செடி கிடைக்கும் இடங்களாக பதுளை, ஹப்புத்தளை, ஊவாவின் புல்வெளிகள் ஆகியவை அடிக்கடி குறிக்கப்படுகின்றன. 1886 ஆம் ஆண்டிலே பதுளை நகரிலும் பூங்காவின் கிளைத் தோட்டம் ஒன்று அவர் காலத்திலேயே திறக்கப்பட்டது. நம் ஊவாவின் பற்றைகளிலும் புற்சரிவுகளிலும் நிற்கும் கடுக்காயும் தான்றியும் நெல்லியும் வைத்தியர் கூறும் திரிபலை மரங்கள் அல்லவா? மிஷன் பாடசாலையிலே பயின்ற நாம் காட்டுப் புஷ்பங்களைப் பற்றிய யேசுநாதரின் உபதேசத்தைக் கேட்டிருக்கின்றோம். கோயிலிலே வில்வத்தையும் அருகம்புல்லையும் கொண்டு அருச்சித்தலைக் கண்டிருக்கின்றோம். ஆயினும் நம் லயத்தின் பின்புறத்தே நிற்கும் மரத்தை ஒரு நாளேனும் உற்று நோக்கினோமா?

தென்னகத்து இருவர்

டி அல்விஸ் குடும்பத்தார் பேராதனையில் உழைத்த அதே காலத்திலே, நம் முன்னோர் புறப்பட்டு வந்த தென்னிந்தியாவிலும் இத்தகைய ஓவியர் இருவர் வாழ்ந்தனர். ரங்கையா என்றும் கோவிந்து என்றும் அவர்களை அழைப்பர். கிழக்கிந்தியக் கம்பெனியின் வைத்தியராகிய றொபேட் வைற் என்பார்க்கு முதலில் ரங்கையாவும், அவர்க்குப் பின் கோவிந்துவும் ஓவியராயிருந்தனர். பாளையங்கோட்டை, கோயம்புத்தூர், நீலகிரி முதலிய இடங்களின் செடிகளெல்லாம் இவர்கள் கையால் உருப்பெற்றன. 1836 இல் வைற் இலங்கைக்கும் வந்து செடி சேகரித்துச் சென்றார். 1838 முதல் 1853 வரை சென்னையிலே அவர் வெளியிட்ட தாவரப் படநூல் ஆறு தொகுதிகளில் 2101 படங்களைக் கொண்டது. அவை கல்லச்சிலே பதிக்கப்பட்டவை. ஒரு தனி மனிதர் இத்தனை படங்களை வெளியிட்டார் என்று அறிஞர் வைற்றைப் புகழ்ந்தனர். அது தகும். ஆனால் படங்களின் மூலத்தை வரைந்த கைகள் எவருடையவை?

வைற் நன்றி மறந்தவரல்லர். 1853 இல் ஓர் ஓர்க்கிட் சாதிக்குக் கோவிந்துவின் பெயரைச் சூட்டி, கோவிந்தூயா என அழைத்தார். பின்வந்த ஆராய்ச்சியாளர் அச்செடி ஏற்கெனவே பெயர் பெற்ற வேறொரு சாதியைச் சேர்ந்தது என முடிவு செய்தமையால் அப்பெயர் வழக்கொழிந்தது. முந்திய பெயரே செல்லும் என்பது தாவரவியல் விதி. எனினும் வரலாறு அவர்களை முற்றாகக் கைவிடவில்லை. எடின்பரோ தாவரவியற் பூங்காவைச் சேர்ந்த ஹென்றி நோல்ற்றி என்னும் ஆராய்ச்சியாளர் அங்கே பாதுகாக்கப்பட்டிருந்த ஓவியங்களை ஆராய்ந்து, 2007 இல் ரங்கையா, கோவிந்து ஆகியோரின் பெயர்களை நூலின் தலைப்பிலேயே பொறித்து வெளியிட்டார். ஏறக்குறைய நூற்றைம்பது ஆண்டுகளின் பின் அட்டைக்கு வந்தன அப்பெயர்கள்!

தூரிகையும் கத்தியும்

இனி, முன்னர் விடுத்த வினாவுக்கு வருவோம். ஹார்மானிஸ் டி அல்விஸ் தூரிகையைக் கையிலெடுத்த அந்த 1820 ஆம் ஆண்டுகளிலேதான், பேராதனைக்கு அண்மையிலுள்ள கம்பளைப் பகுதியிலே ஜோர்ஜ் பேர்ட் என்பவர் கோப்பித் தோட்டம் தொடங்கினார். பேராதனைக்கு எதிர்க்கரையிலுள்ள கன்னொறுவையிலே தேசாதிபதி எட்வேட் பார்ன்ஸும் கோப்பி பயிரிட்டார். தோட்டங்கள் பெருகின. அவற்றின் வேலைக்காகத் தமிழகத்து ஏழை மக்கள் பாக்குநீரிணையைக் கடந்து, மன்னாரிலிருந்து காட்டுவழியே நடந்து மலைநாட்டை அடைந்தனர். வழியிலே மாண்டோர் பலர். வந்து சேர்ந்தோர் கையிலே கத்தியும் கோடரியும் கொடுக்கப்பட்டன. ஒருபுறம் மலைக்காட்டுச் செடிகளை ஒருவர் வரைந்துகொண்டிருந்தார். மறுபுறம் அக்காடுகளே துரைமாரின் ஆணைப்படி நம் முன்னோரின் கைகளால் வெட்டி எரிக்கப்பட்டுக்கொண்டிருந்தன.

1869 இல் கோப்பி இலைகளிலே செந்துருப் போன்ற நோய் தோன்றியது. தொவைற்ஸ் நோயுற்ற இலைகளை இங்கிலாந்துக்கு அனுப்ப, அங்கே அந்தக் காளானுக்குப் பெயரிடப்பட்டது. இருபதாண்டுகளுக்குள் கோப்பி அழிந்தது, தேயிலை வந்தது. காடழிப்பின் தீமையை உணர்ந்த ஜோசப் ஹூக்கர் 1873 இல், ஐயாயிரம் அடிக்கு மேற்பட்ட காடுகளை வெட்டலாகாது என ஆலோசனை கூறினார். அதற்குக் கீழே இருந்த சரிவுகளோ பெரும்பாலும் தேயிலையாகிவிட்டன. அச்சரிவுகளில் முன்பு எம்மரம் நின்றது, எப்பூப் பூத்தது என்பதை அறிய இன்று நமக்குத் துணையாவன பேராதனையிலுள்ள உலர்ந்த செடிகளும் டி அல்விஸ் குடும்பத்தாரின் ஓவியங்களுமே.

ஓவியர்க்கும் தோட்டத் தொழிலாளர்க்கும் ஒரு பொதுத்தன்மை உண்டு. இரு சாராரின் உழைப்பும் பிறர் பெயரால் வழங்கிற்று. நூலின் அட்டையிலே திறைமன் என்றும் மூர் என்றும் இருக்கும். தோட்டத்துக்குத் துரையின் பெயரோ, அவருடைய சொந்த ஊரின் பெயரோ இருக்கும். வரைந்தவரின் பெயர் முகவுரையிலே ஒரு வரி. வெட்டி நட்டவரின் பெயர் செக்றோலிலே ஓர் இலக்கம். இவ்விரண்டும் ஒரே துன்பம் என்று நாம் கூறவரவில்லை. ஹார்மானிஸுக்குப் பட்டம் கிடைத்தது, சம்பளம் கிடைத்தது, ஒரு பூவிலே பெயரும் கிடைத்தது. நம் முன்னோர்க்கு அவற்றுள் எதுவும் கிடைக்கவில்லை. அதனாலேயே இவ்வரலாறு நமக்கு வேண்டியதாகின்றது. பெயரைத் தேடிக் கண்டெடுக்கலாம் என்பதற்கு ஹார்மானிஸும் ரங்கையாவும் கோவிந்துவும் சான்று.

நமது கடன்

2014 ஆம் ஆண்டு ஒக்டோபர் 29 ஆம் நாள் காலையிலே கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மூடியதை எவர் மறப்பர்? அவ்விடம் ஆபத்தானது என்று 2005 இலும் 2011 இலும் அறிஞர் எச்சரித்திருந்தனர். மக்களோ அங்கேயே இருந்தனர். மண்ணுள் மறைந்தோரின் தொகையைப் பற்றிப் பத்திரிகைகள் முதல் நாட்களிலே ஒன்றுக்கொன்று மாறுபட்ட இலக்கங்களை வெளியிட்டன. ஒரு தோட்டத்திலே எத்தனை பேர், யார் யார் இருந்தார்கள் என்பதையே உடனே திட்டமாகச் சொல்ல இயலாத நிலை எத்துணை அவலமானது! ஒரு செடியை இலக்கமிட்டு, பெயரிட்டு, கிடைத்த இடத்தையும் குறித்து, படமும் வரைந்து காத்த நாடு இது. அச்செடி நின்ற மலையில் வாழ்ந்த மனிதருக்கு அவ்வளவு கவனமேனும் செலுத்தியிருத்தல் வேண்டும்.

ஆகவே இளைஞர்களாகிய நாம் செய்யத்தக்கன சில உள. நம் தோட்டத்து முதியோர் ஒவ்வொரு மரத்துக்கும் மூலிகைக்கும் வழங்கும் பெயர்களைக் கேட்டு எழுதிவைப்போம். எந்தக் கீரை எந்த மாதத்திலே துளிர்க்கும், எந்தப் பட்டை எந்த நோய்க்கு உதவும் என்பன அவர்களோடு மறைந்துவிடலாகாது. வரையக்கூடியவர்கள் அவற்றை வரைவார்களாக. பாடசாலையிலே தாவரவியல் கற்போர்க்குப் பூவைப் பிளந்து படம் வரையும் பயிற்சி ஏற்கெனவே உண்டு. பரீட்சை முடிந்ததும் அப்பயிற்சியையும் முடித்துவிடாது, நம் மலையின் பூக்களுக்குப் பயன்படுத்துவோம். ஒவ்வொரு படத்தின் கீழும் மூன்று பெயர்கள் இருக்கட்டும். செடியின் பெயர் ஒன்று, அதைச் சொல்லித் தந்த முதியவரின் பெயர் மற்றொன்று, வரைந்தவரின் பெயர் மூன்றாவது. அவ்வாறே, ஒவ்வொரு லயத்திலும் வாழ்ந்த குடும்பங்களின் பெயர்களையும், அவர்கள் வந்த ஊரையும் எழுதிவைப்போம். இதற்குப் பெரும்பொருள் வேண்டியதில்லை. ஓர் அப்பியாசக் கொப்பியும், ஒரு பென்சிலும், பொறுமையும் போதும்.

ஹார்மானிஸ் டி அல்விஸ் நாடாண்டவர் அல்லர், போர் வென்றவர் அல்லர். முப்பத்தெட்டு ஆண்டுகள் ஒரே மேசையில் அமர்ந்து, கண்ணுக்கு முன்னிருந்த சிறு பொருளைப் பொய் கலவாது வரைந்தார். சிங்களக் குடும்பத்திலே தோன்றிய அவரும், தென்னகத்து ரங்கையாவும் கோவிந்துவும் ஒரே தவத்தைச் செய்தவர்கள். பேராதனைக்குச் செல்லும் நம் அன்பர்கள் அரச மரநிழலையும் ஓர்க்கிட் மண்டபத்தையும் கண்டு மகிழ்வதோடு, அங்கே உழைத்த இக்குடும்பத்தின் பெயரையும் ஒரு கணம் நினைவார்களாக. ஊர் திரும்பியதும் தம் மலையிலே பூத்திருக்கும் ஒரு பூவின் முன் அமர்ந்து, அதன் பெயரைக் கேட்டறிவார்களாக. அதுவே அவ்வோவியர்க்கு நாம் செலுத்தும் அஞ்சலியாகும்.